இராப் பிரயாணமும் ஒருவர் விழிப்பும்

பெரம்பலூருக்கு ரயில் நிலையம் கிடையாது. ரயிலில் வருகிறவர்கள் அரியலூரில் இறங்கி, அப்பால் முப்பது கிலோமீட்டர் போல பஸ்ஸில் செல்ல வேண்டும். ஆனால் சென்னை–திருச்சி ராஜபாட்டை பெரம்பலூர் வழியாகவே போகிறது. ஆகவே, சென்னையில் இராச் சாப்பாட்டை முடித்துக்கொண்டு பஸ் ஏறி, விடிவதற்குள் ஊர் சேர்வது இந்த ஜில்லாவாசிகளுக்குப் பழகிப்போன காரியம். மதுரைக்கும் நாகர்கோவிலுக்கும் போகும் பஸ்களும் இதே சாலையில்தான் நடுநிசிக்கு மேல் பறக்கின்றன. வழியிலுள்ள ரஞ்சன்குடிக் கோட்டையைப் பிரயாணிகள் பார்ப்பதில்லை, எல்லோரும் உறங்குகிறார்கள். உறங்கக் கூடாதவர் ஒருவரே. அவர்தான் டிரைவர்.

ரயில் வண்டி ஓடும் இரவில் என்ஜின் டிரைவர், கார்டு, ஸ்டேஷன் மாஸ்டர் எனப் பலர் விழித்திருக்கிறார்கள். அப்படியிருந்தும் 1956 நவம்பர் 23-ந் தேதி விடியற்காலையில், அரியலூருக்கு அருகே மருதையாற்று வெள்ளத்தில் பாலம் உடைந்து, தூத்துக்குடி எக்ஸ்பிரஸ் கவிழ்ந்தது. 140 பேருக்கு மேல் மாண்டனர். ரயில்வே மந்திரி லால் பகதூர் சாஸ்திரி பொறுப்பேற்றுப் பதவி துறந்தார். தேசம் அதை இன்றும் மறக்கவில்லை.

பஸ் விபத்துக்கோ அவ்விதம் பொறுப்பேற்பார் இல்லை. 'டிரைவர் கண்ணயர்ந்து விட்டார்' என்று ஒரு வரியில் செய்தி முடிந்துவிடுகிறது. ஏன் கண்ணயர்ந்தார், முந்திய பகலில் உறங்கினாரா என்று கேட்பவர் அரிது. பின்னிரவு இரண்டு மணி முதல் ஐந்து மணி வரை மனித தேகம் உறக்கத்தையே நாடும் என்று வைத்திய சாஸ்திரம் சொல்லுகிறது. சென்னையிலிருந்து புறப்படும் பஸ்களில் பல பெரம்பலூரைத் தாண்டுவது அந்த வேளையில்தான்.

நம் தேசத்தில் இதற்குச் சட்டம் இல்லாமலில்லை. மோட்டார் தொழிலாளர்களிடம் நாளொன்றுக்கு 8 மணி நேரமும், தூர வழிகளில் 10 மணி நேரமும் வேலை வாங்கலாம் என்றும், தொடர்ந்து 5 மணி நேரத்துக்குள் அரை மணி ஓய்வு தரவேண்டும் என்றும் 2025 வரை அமலிலிருந்த 1961-ம் வருஷத்துச் சட்டம் விதித்தது. ஐரோப்பிய யூனியன் நாடுகளிலும் இதுபோன்ற விதி உண்டு. நாலரை மணி நேரம் ஓட்டினால் 45 நிமிஷம் ஓய்வு கட்டாயம். ஆனால் அங்கே வண்டியிலேயே பொருத்திய கருவி ஒவ்வொரு நிமிஷத்தையும் பதிவு செய்கிறது; அதிகாரிகள் சாலையிலேயே நிறுத்திப் பரிசோதிக்கிறார்கள். விதி இரண்டிடத்திலும் இருக்கிறது. சாட்சி அங்கே வண்டிக்குள்ளேயே இருக்கிறது.

டிக்கெட் வாங்கும்போது ஜன்னலோர ஆசனமா, படுக்கையா, குளிர்சாதனமா என்று விசாரிக்கிறோம். 'மாற்று டிரைவர் உண்டா?' என்றும் சேர்த்து விசாரிப்போமாக. பத்துக் குடும்பங்கள் கேட்டால் பஸ் முதலாளி சிரிக்கக்கூடும். பதினாயிரம் குடும்பங்கள் கேட்டால் அவர் பதில் சொல்லியே தீரவேண்டும். நம்மை உறங்கவைத்துக் கொண்டுபோகிறவர் பகலில் உறங்கியிருக்க வேண்டும் என்று கோருவது பேராசையாகாது.