தறியிலே ஒருத்தி, ஏட்டிலே ஒருவன்

“கற்பில் சிறந்தவள் கண்ணகியா? மாதவியா?” இந்தத் தலைப்பைக் கேளாமல் தமிழ்நாட்டில் கல்லூரிப் படிப்பை முடித்தவர் எவரேனும் உண்டா? ஆண்டுதோறும் மேடை போடுகிறோம். நடுவர் நாற்காலியில் பேராசிரியப் பெருந்தகை ஒருவரை அமர்த்துகிறோம். இருபுறமும் நின்று அடுக்குமொழியில் முழங்குகிறோம். தீர்ப்பு எப்படி வந்தாலும் கைதட்டிக் கலைகிறோம். இரண்டு பெண்களை எடை போடும் அந்தத் தராசில் ஒரு நாளாவது கோவலனை ஏற்றிப் பார்த்தோமா? கற்பை இருபாலார்க்கும் பொதுவாக்கச் சொன்ன பாரதிக்கும் அதே மேடையில்தான் விழா எடுக்கிறோம்!

காஞ்சி மண்ணில் படிக்கிற நாம் அவ்விருவரையே பேசிப் பேசி, நம் ஊருக்கே வந்த மூன்றாமவளை மறந்தது எனக்குப் பெரிய வியப்பு. சாத்தனாரின் மணிமேகலை, பஞ்சத்தில் வாடிய காஞ்சிக்கு அமுதசுரபியோடு வந்தவள். அறவண அடிகளிடம் அறம் கேட்டதும் இந்த ஊரில்தான். அதற்கு முன்பே புகாரில் சிறைச்சாலையை அறச்சாலை ஆக்கியவள் அவள். இவ்வளவும் செய்தவளைப் பட்டிமன்றத்துக்கு அழைக்க நமக்குத் தோன்றுவதில்லை. ஏன்? அவள் யாருடைய மனைவியும் அல்லள். காதலியாகவும் வாழ்ந்தவள் அல்லள். நம் தராசில் அவளுக்குத் தட்டு இல்லை.

அந்தக் காப்பியத்தில் ஓர் இடம் என்னைப் படிக்கவிடாமல் நிறுத்தியது. வஞ்சி மாநகரில் சமயக் கணக்கர்களின் கொள்கைகளைக் கேட்கப் போகிறாள் மணிமேகலை. பெண்ணாகப் போகவில்லை, மாதவன் ஒருவனின் வடிவம் கொண்டு போகிறாள். இளையவள், வளையணிந்தவள் என்று கண்டால் எவரும் உண்மைப் பொருளை உரைக்கமாட்டார்கள் என்று தெய்வமே அவளுக்கு முன்கூட்டிச் சொல்லிவைக்கிறது. அறிவைக் கேட்டுப் பெற ஒரு பெண் ஆணுருக் கொள்ள வேண்டியிருந்தது. சாத்தனார் இதை ஒளிக்கவில்லை. அதற்காகவே அவரை வணங்கலாம்.

ஔவையார் கதையும் இதற்குச் சற்றும் குறைந்ததன்று. அதியமானுக்காகத் தொண்டைமானிடம் தூது போனவர் அவர். எண்ணெய் பூசி அடுக்கிவைத்த படைக்கலங்களைத் தொண்டைமான் பெருமையோடு காட்ட, எங்கள் மன்னனின் வேல்களோ போரில் முறிந்து கொல்லன் பட்டறையில் கிடக்கின்றன என்று புகழ்வதுபோல் குத்திவிட்டு வந்தவர். அரசியல் தூதிலே இவ்வளவு நயமாகப் பேசிய ஆண்மகன் யார்? அவரை ஒரு பகைவேந்தன் ஒளி பொருந்திய நெற்றியும் மை தீட்டிய கண்களும் உடைய விறலி என்று விளித்ததாகவும் புறநானூற்றில் ஒரு பாட்டு இருக்கிறது. ஆனால் நம் மனத்தில் நிற்கும் ஔவை யார்? கோலூன்றிய பாட்டி. மணத்துக்குத் தப்ப விநாயகரிடம் முதுமையை வரமாகப் பெற்றார் என்று கதையும் கட்டிவிட்டோம். 1953-இல் வெளிவந்த திரைப்படத்தில் கே. பி. சுந்தராம்பாள் அம்மையார் அந்த உருவத்தை நம் கண்ணில் பதித்தேவிட்டார். ஔவையார் பலர் இருந்தனர் என்று ஆசிரியர்கள் சொல்வார்கள், சரிதான். அத்தனை பேரையும் ஒரே கிழவியாக்கியது ஏன் என்பதே என் கேள்வி. பொதுவெளியில் பேசும் பெண், ஒன்று ஆணாக வேண்டும் அல்லது கிழவியாக வேண்டும் போலும்!

ஏட்டை விட்டுத் தெருவுக்கு வருவோம். நம்மில் பலரைப்போல் நானும் தறியோசையில் பிறந்து வளர்ந்தவள்தான்.

காஞ்சிப் பட்டின் பெருமை கோர்வையில் இருக்கிறது என்று வாங்குகிறவர்களுக்குக்கூடத் தெரியும். உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம். ஒவ்வோர் ஊடைக்கும் உடல் நூலும் கரை நூலும் ஒன்றையொன்று கொக்கிபோல் பற்றிக்கொள்ள வேண்டும். அதற்கு மூன்று நாடா வேண்டும். ஒருவர் கை போதாது. நெய்பவர் பக்கத்தில் இன்னொருவர் உட்கார்ந்து ஒரு கரையின் நாடாவை எறிந்து வாங்க வேண்டும். ஒரு காலத்தில் பள்ளிக்குப் போகவேண்டிய பிள்ளைகளை அந்த இடத்தில் உட்காரவைத்தார்கள். எங்கள் வீட்டில் உட்கார்ந்தவர் அம்மா. அம்மாவின் நாடா ஒரு முறை பிசகினால் கரை பிரிந்துவிடும், புடவை கெட்டுவிடும். பட்டைப் பிரித்து இராட்டையில் இழைப்பதும், தார் சுற்றுவதும் அவர் வேலையே. அடுப்பு வேலை இந்தக் கணக்கில் சேராது.

இத்தனைக்கும் அவருக்குப் பெயர் ‘உதவி’. “தறி யாருது?” என்று கேட்டால் தெருவே அப்பா பெயரைத்தான் சொல்லும். தறிக்காரர் என்று சொல்லக் கேட்டிருக்கிறேன். தறிக்காரி என்ற சொல் என் காதில் விழுந்ததேயில்லை. காஞ்சிவரம் என்ற திரைப்படத்தைப் பாருங்கள். மகளுக்குப் பட்டுப் புடவை தருவதாக வாக்களித்துப் பட்டிழை திருடும் நெசவாளியின் கதை. அந்த நடிப்புக்காகப் பிரகாஷ்ராஜுக்குத் தேசிய விருது கிடைத்தது. கண்ணீர் வரவழைக்கும் படந்தான். ஆனால் அங்கும் பெண்ணுக்குரிய இடம் புடவைக்குள்தான்.

தமிழ் இலக்கணத்துக்கோ இந்த ஓரவஞ்சனை இல்லை. நன்னூலார் நூல் செய்வதை நூல் நூற்பதற்கு உவமை காட்டுகிறார். சொல் பஞ்சு, வாய் கை, அறிவு கதிர், புலவனோ நூற்கும் பெண். புலவனுக்கு உவமை சொல்ல அவருக்குக் கிடைத்தவள் பெண்தான்! சங்கப் பாட்டுகளிலும் இரவில் சிறு விளக்கொளியில் பஞ்சோடு போராடும் பருத்திப் பெண்டிர் வருகிறார்கள். ஆனால் வினையே ஆண்களுக்கு உயிர், மனையிலிருக்கும் மகளிர்க்கு அந்த ஆண்களே உயிர் என்று சொன்ன குறுந்தொகைப் பாட்டைத்தான் நாம் தேர்வுக்கு மனப்பாடம் செய்கிறோம்.

ஊரின் கோயில்களும் இதில் ஒரு பாடம் சொல்கின்றன. இறைவன் அளந்த இருநாழி நெல்லைக்கொண்டு முப்பத்திரண்டு அறமும் வளர்த்தவள் நம் காமாட்சி. கூலிப் பணத்தில் மாதத்தை ஓட்டும் நெசவாளி வீட்டுப் பெண்கள் இக்கதையைக் கேட்டுச் சிரிப்பார்கள். அவர்களுக்கு அது புராணமே அன்று. வரதர் கருடன்மேல் ஊரை வலம்வருகிறார். பெருந்தேவித் தாயாரைப் படிதாண்டாப் பத்தினி என்கிறோம். வழிபாட்டு மரபைக் குறைசொல்ல நான் வரவில்லை. அந்தச் சொல்லைக் கோயிலிலிருந்து எடுத்துவந்து கல்லூரிக்குப் போகிற பெண்ணின் வாசற்படியில் வைக்கிறவர்களைத்தான் சொல்கிறேன்.

இதில் ஆண்களும் தப்பவில்லை. அப்பாவுக்கு இடுப்பு வலி வந்து, குழித்தறியில் இறங்க முடியாமல் போனது. மூன்று மாதம் அம்மா தறியில் நெய்தார். அப்பா பக்கத்தில் உட்கார்ந்து கரை நாடா போட்டார். அந்த மூன்று மாதமும் எங்கள் தெருக்கதவு பகலிலும் சாத்தியே இருந்தது. அப்பாவைக் குற்றம் சொல்ல என் மனம் ஒப்பவில்லை. ‘பொம்பளை வேலை’ என்ற ஒரே சொல் நாற்பதாண்டுத் தறிக்காரரைக் கதவுக்குப் பின்னால் தள்ளிவிட்டது. புடவை மட்டும் வழக்கம்போல் தேறியது.

செங்கல்பட்டில் 1929-இல் சுயமரியாதை மாநாடு கூடிப் பெண்ணுக்குச் சொத்தில் சமபங்கு வேண்டும் என்றது. அது இந்தத் தமிழ்நாட்டில் சட்டமாக வந்தது 1989-இல். நம் ஊரிலிருந்து கூப்பிடு தூரத்தில் எழுந்த ஒரு குரல் சட்டப் புத்தகத்துக்குள் நுழைய அறுபது ஆண்டு! சட்டம் வந்துவிட்டது, இனி என்ன குறை என்று நண்பர்கள் கேட்கிறார்கள். சொத்து இருக்கிற வீட்டுக்கு அது சரி. எங்கள் வீட்டில் பங்கு போட இருப்பது தறியும் தொழிலும்தான். அந்தத் தொழில் அம்மாவுடையது என்று எந்த ஏட்டிலும் இல்லை. 2019–20 கைத்தறிக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் நெசவாளரும் துணைத் தொழிலாளருமாக 35 இலட்சத்துக்கு மேற்பட்டோர் உள்ளனர். அவர்களில் நூற்றுக்கு 72 பேர் பெண்கள். தேசக் கணக்கில் இருக்கிறவர் தெருக் கணக்கில் இல்லை.

அந்த மூன்று மாதப் புடவைகளுக்கும் கூலி, அப்பா பெயருள்ள புத்தகத்தில்தான் ஏறியது. அம்மா பெயரிலும் ஒரு புத்தகம் கேட்டு, நானே மனு எழுதிக்கொண்டு போனேன். வாங்கியவர், “வீட்டுக்கு ஒருத்தர் போதாதாம்மா?” என்றார். ‘தொழில்’ என்ற இடத்தில் நான் எழுதியிருந்த ‘நெசவு’ என்பதை அடித்து ‘வீட்டுவேலை’ என்று திருத்தினார். நான் வேறு தாள் வாங்கி மறுபடியும் ‘நெசவு’ என்றே எழுதி, கீழே அம்மாவைக் கையெழுத்திடச் சொல்லிக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறேன்.