பிள்ளையின் விடுப்பும் நம் ஊர் சுற்றலும்

வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகளிடம் போய் இரண்டு மாதம், மூன்று மாதம் இருந்துவிட்டு வருவது நம் வயதுக்காரர்களுக்கு இப்போது பழகிப்போன விஷயம். போய்வந்தவர்களைக் கேட்டால் இரண்டு விதமான பதில் கிடைக்கும். "ஒரு இடம் விடாமல் கூட்டிப்போய்க் காட்டினான் சார்" என்பது ஒன்று. "ஜெயில் மாதிரி இருந்தது சார், எப்போதடா திரும்புவோம் என்று ஆகிவிட்டது" என்பது இன்னொன்று. ஊர் பார்ப்பதைப் பிள்ளைகளின் பொறுப்பில் விட்டுவிடுவதால்தான் இந்த இரண்டு பதிலுமே வருகின்றன என்பது என் கருத்து. அவர்களுக்கு நேரம் இருந்தால் நமக்குச் சுற்றுலா, இல்லாவிட்டால் நாலு சுவர்.

நானும் என் மனைவியும் சிட்னியில் மகன் வீட்டில் இரண்டு மாதம் இருந்தோம். ஆகவே அந்த ஊரை வைத்தே சொல்கிறேன்.

முதலில் ஒரு கணக்கு. ஆஸ்திரேலியாவில் முழுநேர ஊழியருக்குச் சட்டப்படி வருடத்துக்கு 4 வாரம், அதாவது 20 வேலை நாட்கள், சம்பளத்துடன் விடுப்பு. பள்ளிக்கூட விடுமுறையில் குழந்தைகளைப் பார்த்துக்கொள்வது இந்த இருபதில்தான். ஊரில் தங்கை மகள் கல்யாணம் என்றால் அதற்கும் இதில்தான். நாளைக்கு நமக்கே உடம்புக்கு ஏதாவது வந்தால் அவன் ஓடிவருவதும் இதை நம்பித்தான். சிட்னியிலிருந்து சிங்கப்பூரிலோ கோலாலம்பூரிலோ விமானம் மாறிச் சென்னை வந்து சேர்வதற்குள் ஒரு நாள் போய்விடும். நமக்குப் பாலத்தையும் கடற்கரையையும் காட்ட அவன் இன்று செலவழிக்கும் ஐந்து நாள், ஒருவேளை நம் ஆஸ்பத்திரிக் கட்டில் அருகே அவன் உட்கார்ந்திருக்க வேண்டிய ஐந்து நாளாக இருக்கலாம். மனசுக்குக் கஷ்டமாக இருந்தாலும் இந்தக் கணக்கை நாம்தான் போட வேண்டும். அவன் போடமாட்டான். கேட்டால், "அதெல்லாம் ஒன்றுமில்லைப்பா, லீவு இருக்கு" என்பான்.

இரண்டாவது, அந்த ஊரைத் தனியாகப் பார்ப்பது நாம் பயப்படுகிற அளவுக்குக் கஷ்டமே இல்லை. நம்மவர்கள் அதிகம் இருப்பது சிட்னியின் மேற்குப் பக்கம். வெஸ்ட்மீட்டில் மாடி ரயிலில் ஏறி உட்கார்ந்தால் பாரமட்டா, சென்ட்ரல் எல்லாம் தாண்டி அதே ரயில் துறைமுகப் பாலத்தின் மேலேயே போகும். ஓபல் அட்டையை நுழையும்போது ஒருமுறை, வெளியே வரும்போது ஒருமுறை தொட வேண்டும், அவ்வளவுதான். முதியோருக்கான சலுகை அட்டை அங்கேயே வசிப்பவர்களுக்குத்தான், நம்மைப் போல் வந்துபோகிறவர்களுக்குக் கிடையாது. ஆனால் ஒரு நாளைக்கு இவ்வளவுக்கு மேல் பிடிக்கமாட்டார்கள் என்று ஒரு வரம்பு எல்லோருக்கும் உண்டு. ரயில், பஸ், படகு எல்லாம் அதில் அடக்கம்.

பாலம் தாண்டியதும் மில்சன்ஸ் பாயிண்ட்டில் இறங்கி, பாலத்தின் நடைபாதையில் மெதுவாக நடந்தே திரும்பி வரலாம். 1932இல் திறந்த பாலம். வளைவு மட்டுமே 503 மீட்டர். பாலத்தின் உச்சிக்கு ஏறுவதற்குக் கயிறு கட்டி அழைத்துப்போகிறார்கள், அது இளைஞர்களுக்கு. நமக்கு நடைபாதையே போதும், அங்கிருந்தே ஓபரா ஹவுஸ் முழுசாகத் தெரியும்.

அந்த ஓபரா ஹவுஸின் கதையும் தெரிந்துகொள்ள வேண்டியது. யோர்ன் உட்சன் என்ற டென்மார்க்காரரின் வரைபடம் 1957இல் போட்டியில் வென்றது. சுமார் 70 லட்சம் டாலரில் முடியும் என்று ஆரம்பித்த வேலை, 1973இல் திறக்கும்போது 10 கோடியே 20 லட்சம் டாலரைத் தொட்டிருந்தது. நடுவில் அரசாங்கத்தோடு தகராறாகி 1966இல் உட்சன் ஊரைவிட்டே போய்விட்டார். 2008இல் இறக்கும்வரை, கட்டி முடித்த கட்டடத்தை அவர் நேரில் பார்க்கவே இல்லை. இன்று யார் வேண்டுமானாலும் காசு கொடுக்காமல் அந்தப் படிகளில் உட்காரலாம். நாங்கள் தயிர் சாதம் கட்டிக்கொண்டுபோய் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தோம். காரில் அழைத்துப்போகும் பிள்ளையால் அப்படி ஒரு மணி நேரம் தரமுடியாது. பார்க்கிங்குக்கு மணிக்கணக்கில் காசு ஏறிக்கொண்டிருக்கும்.

பக்கத்திலேயே சர்குலர் கீ. அங்கிருந்து மேன்லிக்குப் படகில் அரை மணி நேரம். துறைமுக வாய்க்கு எதிரே போகும்போது வெளிக்கடலின் அலை படகைக் கொஞ்சம் தூக்கிப் போடும். இன்னொரு பக்கம் தாவரவியல் பூங்காவை ஒட்டி, பாறையில் நாற்காலி போல் செதுக்கிய ஓர் இடம் இருக்கிறது. 'மிஸஸ் மெக்வாரீஸ் சேர்' என்று பெயர். 1810இல் கவர்னராக வந்த மெக்வாரியின் மனைவி அங்கே உட்கார்ந்து இங்கிலாந்திலிருந்து வரும் கப்பல்களைப் பார்த்துக்கொண்டிருப்பாராம். பிறந்த ஊரை விட்டு வந்தவர்களின் ஏக்கம் இருநூறு வருடத்துக்கு முன்னால் எப்படி இருந்திருக்கும் என்று அங்கே உட்கார்ந்தால் புரியும். என் மகன் அந்த ஊரில் பல வருடமாக இருக்கிறான், அந்த இடத்துக்குப் போனதில்லை. நாங்கள் போய்வந்து அவனுக்குச் சொன்னோம்.

இதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. பகல் முழுக்க வீட்டுக்குள்ளேயே இருந்தால் சாயங்காலம் பிள்ளை வரும்போது நம்மிடம் பேச என்ன இருக்கும்? "சாப்பிட்டியா, ஏன் லேட்டு" இரண்டுதான். அந்தப் புறநகர்த் தெருக்களில் பகலில் ஈ காக்கா கிடையாது. நாள் முழுக்க ஜன்னலைப் பார்த்துக்கொண்டு இருந்தவரின் கேள்வியில் ஒரு குறை கலந்துவிடும். களைத்து வந்தவன் காதில் அது குற்றச்சாட்டாக விழும். சண்டைகள் அங்கேதான் ஆரம்பிக்கின்றன. வெளியே போய்வந்தவரிடம் சொல்வதற்குக் கதை இருக்கும், கேட்பதற்கு அவனுக்கும் ஆசை இருக்கும்.

இங்கிலீஷ் தெரியாதே என்பார்கள். நிலையத்தின் பெயரைப் படிக்கத் தெரிந்தால் போதும், வீட்டு விலாசத்தை ஒரு தாளில் எழுதிப் பையில் வைத்துக்கொள்ளலாம். முழங்கால் வலி என்பார்கள். நியாயம்தான், ஆனால் படகில் உட்கார்ந்துதானே போகிறோம்? முதல் தடவை மட்டும் ஒரு சனிக்கிழமை பிள்ளையைக் கூட வரச் சொல்லி வழியைப் பழகிக்கொள்ளலாம். பேரக்குழந்தையை யார் பார்த்துக்கொள்வது என்பதுதான் உண்மையான சிக்கல். உதவி செய்யத்தான் போகிறோம், அதில் சந்தேகம் இல்லை. ஆனால் வாரத்தில் ஒரு நாளாவது நமக்கென்று வேண்டும் என்பதை டிக்கெட் எடுக்கும் முன்பே பேசிவிடுவது நல்லது. அங்கே போய்ப் பேசினால் மருமகளுக்கும் சங்கடம், நமக்கும் சங்கடம்.

அப்படியானால் பிள்ளையோடு எதைத்தான் பார்ப்பது? அவன் வாழ்க்கையைப் பார்க்கலாம். மேஸ் ஹில் முருகன் கோயிலுக்கு அவனோடு போகலாம். காய்கறிக் கடைக்குக் கூடப் போய்ப் பையைத் தூக்கலாம். பேத்தி நீச்சல் வகுப்பில் தண்ணீரை உதைப்பதைக் கரையில் உட்கார்ந்து பார்க்கலாம். காலையில் அவன் எத்தனை மணி ரயிலைப் பிடிக்கிறான், மத்தியானம் எங்கே உட்கார்ந்து சாப்பிடுகிறான், யாரோடு சிரித்துப் பேசுகிறான் என்பதெல்லாம் எந்தச் சுற்றுலாப் புத்தகத்திலும் கிடையாது. திரும்பி வந்தபிறகு ஞாயிற்றுக்கிழமை போனில் பேசும்போது மனதில் ஓடப்போகும் காட்சிகள் இவைதான்.

பாலமும் படகும் அங்கேயேதான் இருக்கும், எந்தச் செவ்வாய்க்கிழமையும் நாமே போய்ப் பார்த்துக்கொள்ளலாம். அடுத்த முறை போகிறவர்கள், "என்னென்ன காட்டப்போகிறாய்?" என்று பிள்ளையிடம் கேட்காதீர்கள். "ரயில் நிலையம் வீட்டிலிருந்து எவ்வளவு தூரம்?" என்று கேளுங்கள்.