ஒரிஜினல் டிவிடி வாங்கின அண்ணே, காசு யாருக்குப் போச்சு?

"நான் எப்பவும் ஒரிஜினல் தான் வாங்குவேன். படைப்பாளிக்கு என்னால ஆன உதவி" என்று அலமாரியைத் திறந்து காட்டுகிற அண்ணன்கள் நம்ம பதிவர் வட்டத்தில் அதிகம். அடுத்த வரி மனப்பாடமாகவே வரும். "வாடகைக்கு எடுத்துப் பாக்குறது பாதி ஓசி. ஒரு காப்பிய நூறு பேர் பார்த்தா எடுத்தவனுக்கு என்ன கிடைக்கும்?"

மன்னிக்கணும் அண்ணே. இந்த வாதம் அமெரிக்காவில் இருந்து இறக்குமதி ஆனது. அங்கே ஒரு டிவிடியைக் காசு கொடுத்து வாங்கிவிட்டால், அதை நீங்க வாடகைக்கு விடலாம், யாரும் கேட்க முடியாது. நெட்ஃபிளிக்ஸ் 1998-ல் தபாலில் டிவிடி அனுப்ப ஆரம்பிச்சதும் அந்தச் சட்டத்தை நம்பித்தான். நம்ம ஊர்ச் சட்டம் வேற. இந்தியக் காப்புரிமைச் சட்டத்தில் 14-வது பிரிவு, சினிமாப் பிரதியை வாடகைக்கு விடுகிற உரிமையையும் படத்தின் உரிமையாளர் கையிலேயே வைத்திருக்கிறது. டெல்லியில் சினிமா பாரடைசோ என்ற கடை வெளிநாட்டு டிவிடிகளை வாடகைக்கு விட்டது. வார்னர் பிரதர்ஸ் வழக்குப் போட்டது. 2009 ஏப்ரலில் டெல்லி உயர் நீதிமன்றம், அனுமதி இல்லாமல் வாடகைக்கு விடுவது மீறல்தான் என்று தீர்ப்பு சொன்னது. ஆக, முறையான வாடகை என்றாலே உரிமையாளரைக் கேட்டு நடக்கிற வாடகை. (எங்க அப்பா காலத்தில் டெக்கு, டிவி, நாலு கேசட் வாடகைக்கு எடுத்து விடிய விடிய ஊரே பார்த்த கதை எல்லாம் வேற கணக்கு. அதுல யாருக்கும் பத்து பைசா போகலை, ஒத்துக்குறேன்.)

சரி, வாங்குறதுக்கு வருவோம். 2007-ல் மோசர் பேர் கம்பெனி விசிடி 28 ரூபா, டிவிடி 34 ரூபா என்று இறக்கினது ஞாபகம் இருக்கா? பெட்டிக்கடையில் ஷாம்பு பாக்கெட்டு பக்கத்துல தொங்கும். திருட்டு விசிடிக்கு அதைவிட நல்ல மருந்து யாரும் கண்டுபிடிக்கலை. 2004-ல் திருட்டு விசிடிக்காரங்களைக் குண்டர் சட்டத்துக்குள்ள கொண்டு வந்தப்பகூட நடக்காததை அந்த 28 ரூபா ஓரளவு செஞ்சுது. நான் அதைக் குறை சொல்ல வரலை. ஆனா அந்த 28-ல் கடைக்காரர் பங்கு, தட்டு, அட்டை, வரி எல்லாம் போக மிச்சம் போனது மோசர் பேருக்கு. ஏன்னா வீடியோ உரிமை பெரும்பாலும் அவுட்ரைட் தான். மொத்தமா ஒரு தொகை, ஒரு கையெழுத்து, முடிஞ்சுது. அப்படி வித்த படத்துல நீங்க ஒண்ணு வாங்கினாலும் ஒரு லட்சம் பேர் வாங்கினாலும் தயாரிப்பாளர் பாக்கெட்டுல கூடப் போறது ஒண்ணும் இல்ல. அந்தக் கம்பெனியே 2018-ல் கலைப்புக்குப் போயிடுச்சு.

இது எங்க ஆரம்பாக்கம் பக்கத்து ஆளுங்களுக்குச் சட்டுனு புரியும். பழவேற்காடு ஏரியில் பாடுன்னு ஒரு முறை இருக்கு. பாட்டு உரிமை உள்ளவங்க யார், எந்த இடத்துல, எந்த முறை வலை கட்டணும்னு சீட்டுக் குலுக்கிப் போட்டு முடிவு பண்ணுவாங்க. தண்ணிய யாரும் விலைக்கு வாங்குறதில்ல, முறை வந்தா வலை, வலையில விழுந்தது வரும்படி. அதே ஊர்ல இன்னொரு ஏற்பாடும் உண்டு. வலைக்கும் படகுக்கும் வியாபாரிகிட்ட முன்பணம் வாங்கியிருப்பார். அப்புறம் இறாலை அவர்கிட்டதான் போடணும், அவர் சொல்றதுதான் விலை. சென்னை மார்க்கெட்டுல நீங்க கிலோவுக்கு நூறு ரூபா சேர்த்துக் கொடுத்து "மீனவனை வாழ வெச்சுட்டேன்"னு சொன்னா ஏரிக்கரையில சிரிப்பாங்க. உங்க நூறு ரூபா வியாபாரியோட நின்னு போச்சு.

அவுட்ரைட் வாங்குற கம்பெனி அந்த வியாபாரி. பங்கு அடிப்படையில ஓடுற வாடகை, வலையில விழுந்த இறால். என் வாதம் இவ்வளவுதான்.

இன்னிக்கு ஒரு படத்தைத் தனியா காசு கட்டி 48 மணி நேரத்துக்கு எடுத்துப் பாக்குறோமே, அங்கே ஒவ்வொரு பார்வையும் எண்ணப்படுது. தளம் தன் கமிஷனை எடுத்துக்கிட்டு மிச்சத்தை உரிமையாளருக்குக் கொடுக்குறதுதான் இதுல பொதுவான ஏற்பாடு. 2020 அக்டோபர் 2-ல் 'க/பெ ரணசிங்கம்' ஜீ பிளெக்ஸ்ல 199 ரூபாய்க்கு வந்தப்ப, "ஒரு தடவை பாக்க 199-ஆ?"ன்னு எத்தனை புலம்பல்! வீட்டுல அஞ்சு பேர் உக்காந்து பார்த்தா தலைக்கு 40 ரூபா. வெளிநாட்டுல செத்துப்போன புருஷன் உடம்பைக் கொண்டு வரப் போராடுற பொண்ணோட கதை. அதை 40 ரூபாய்க்குப் பாக்க மனசு வரலை, ஆனா அலமாரியில 28 ரூபா விசிடி அடுக்கி வெச்சு 'ஆதரவு'. என்ன கொடுமை சார் இது!

இன்னொரு விஷயம், இதை ஒருத்தரும் பேசுறதில்ல. 2012 திருத்தத்துக்கு அப்புறம், படத்துல இருக்குற பாட்டை எழுதினவருக்கும் இசையமைச்சவருக்கும், தியேட்டர் தவிர்த்த மத்த பயன்பாட்டுக்கு ராயல்டியில சமபங்கு கேக்குற உரிமை இருக்கு. அதை எழுதிக் கொடுத்துட முடியாது, எழுதிக் கொடுத்தாலும் செல்லாது. ஆக, வீட்டுல காசு கட்டிப் பாக்குற படத்துல அவங்களுக்குக் கேட்க ஒரு வழி இருக்கு. இயக்குநர்? சட்டப்படி சினிமாவோட 'ஆசிரியர்' தயாரிப்பாளர்தான். இயக்குநரையும் சேர்க்கலாம்னு 2010 மசோதாவில் இருந்தது, கடைசியில தூக்கிட்டாங்க. பொட்டி தட்டுற எனக்கு இது புதுசில்ல, நான் எழுதுற கோடும் கம்பெனியோடதுதான். ஆனா என்னை யாரும் 'படைப்பாளி'ன்னு மேடையேத்தி மாலை போடுறதில்ல!

எதிர்க்கேள்வி தெரியும். "பங்குன்னா ரிஸ்க் தயாரிப்பாளருக்கு. வட்டிக்கு வாங்கினவனுக்கு மொத்தப் பணம்தானே தேவை?" நியாயம்தான். பாட்டுல வலை காலியாவும் வரும். சேரன் 2015-ல் சி2எச்னு ஆரம்பிச்சு, 'ஜேகே எனும் நண்பனின் வாழ்க்கை' படத்தை 50 ரூபா டிவிடியா நேரா வீட்டுக்குக் கொண்டு வந்தார். இடையில வியாபாரி இல்லாத விற்பனை. வாங்குறதே படைப்பாளிக்கு நேராப் போன அபூர்வமான தருணம் அது. அப்ப அலமாரி அண்ணன்கள் எத்தனை பேர் வாங்கினீங்க? முயற்சி நிலைக்கலை. 2013-ல் கமல் 'விஸ்வரூபம்' படத்தை டிடிஎச்-ல் 1000 ரூபாய்க்குக் காட்டப் போறேன்னப்ப தியேட்டர்காரங்க எதிர்த்து, அதுவும் நடக்கலை. தயாரிப்பாளர் நேரா நம்மகிட்ட வர்றப்ப எல்லாம் நடுவுல யாராவது கதவைச் சாத்துறாங்க, இல்லைன்னா நாமளே கதவைத் திறக்குறதில்ல.

'பை' பட்டனை அமுக்கி டிஜிட்டல்ல வாங்குறவங்களுக்கு ஒண்ணு. அது சொந்தம் இல்ல, உரிமம். தளம் நினைச்சா போயிடும். கலிபோர்னியாவில் 2025-லிருந்து இதை வாங்குறவங்களுக்குத் தெளிவா சொல்லணும்னு சட்டமே வந்தாச்சு. மாசச் சந்தாவையும் ஆதரவுக் கணக்குல எழுதாதீங்க. பெரிய படங்களைத் தளம் மொத்தமா வாங்கிடுது, நீங்க பத்து தடவை பார்த்தாலும் அதே தொகை. சின்னப் படங்களுக்குப் பார்த்த நேரத்துக்குக் காசுன்னு ஏற்பாடு உண்டு, அதனால அதையாவது பாதியில நிறுத்தாம பாருங்க.

டிஸ்கி: சூளூர்ப்பேட்டை வி எபிக் தியேட்டர்ல பெரிய ஸ்கிரீன்ல பாக்குறதை எதுல சேர்ப்பேன்னு கேப்பீங்க. மூணு மணி நேரத்துக்கு நாற்காலி வாடகை. அதையும் என் கட்சிக் கணக்குலதான் எழுதிக்கிறேன்.