மாட்டுக்குச் சான்றிதழ், வண்டிக்கு உரிமம், தொழிலாளிக்கு என்ன?

கால்நடைகளை ஏற்றிச் செல்வது குறித்து நம் நாட்டில் விதிகளுக்குப் பஞ்சமில்லை. பயணத்திற்கு ஏற்ற நிலையில் மாடு உள்ளது எனக் கால்நடை மருத்துவர் சான்றளிக்க வேண்டும். ஒரு சரக்கு வாகனத்தில் ஆறு மாடுகளுக்கு மேல் ஏற்றலாகாது. உடன் ஓர் உதவியாளர் செல்ல வேண்டும் என்கின்றன 1978ஆம் ஆண்டின் விலங்குகள் போக்குவரத்து விதிகள். 2015இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகன விதிகளோ மாடு, எருமை ஒவ்வொன்றுக்கும் 2 சதுர மீட்டர் இடத்தையும், நிலையான தடுப்புகளையும், வாகனத்துக்குத் தனி உரிமத்தையும் கட்டாயமாக்கின. ஆனால், இவற்றையெல்லாம் நடைமுறைப்படுத்த வேண்டிய ஓட்டுநருக்கும் உதவியாளருக்கும் பயிற்சி தருவது யார் பொறுப்பு என்பதை இவ்விதிகள் பேசவில்லை.

மாடு ஏற்றுவது திறன் சார்ந்த உழைப்பு. திடீரென வண்டியை நிறுத்தினால் மாடு சரியும். சரிந்த மாட்டை மற்றவை மிதிக்கும். எப்போது தண்ணீர் காட்டுவது, சோர்ந்த மாட்டை எப்படி எழுப்புவது என்பவை அனுபவத்தால் வருபவை. ஐரோப்பிய ஒன்றியத்தில் நீண்ட தூரம் கால்நடை ஏற்றிச் செல்லும் ஓட்டுநர்கள் பயிற்சியும் தேர்வும் முடித்துத் தகுதிச் சான்றிதழ் பெற வேண்டும் என்பது 2008 முதல் நடைமுறையில் உள்ளது. இங்கோ, பெரும்பாலும் தலித்துகளும் இஸ்லாமியர்களுமான இத்தொழிலாளர்களின் திறன், திறனாகவே மதிக்கப்படுவதில்லை.

எனினும், காகிதம் மட்டுமே உயிரைக் காக்காது. 2017 ஏப்ரலில் ஜெய்ப்பூர் சந்தையில் மாடு வாங்கித் திரும்பிய பால் விவசாயி பெஹ்லு கானிடம் அதற்கான ரசீது இருந்தது. அல்வார் அருகே பசுக்குண்டர்கள் அவரை அடித்துக் கொன்றனர். 2019 ஆகஸ்டில் குற்றம் சாட்டப்பட்ட அறுவரையும் கீழமை நீதிமன்றம் விடுவித்தது. கும்பல் கொலைகளைத் தடுக்க மாவட்டந்தோறும் பொறுப்பு அதிகாரியை அமர்த்துமாறு உச்சநீதிமன்றம் 2018 ஜூலையில் ஆணையிட்ட பின்னரும் தாக்குதல்கள் ஓயவில்லை.

பசுவதையைத் தடுப்பதாகச் சொல்லிக்கொள்ளும் இக்கும்பல்களே கால்நடைகளின் துன்பத்தைப் பெருக்குகின்றன. நின்றால் தாக்கப்படுவோம் என அஞ்சும் ஓட்டுநர் தண்ணீர் காட்ட வண்டியை நிறுத்துவாரா? இரவில், சுற்றுவழியில், தார்ப்பாயால் மூடி, நெருக்கியடித்து ஏற்றும் நிலைக்கு அச்சமே தள்ளுகிறது. வண்டி ஓடாவிட்டால் வற்றிய எருமையையும் உழைத்து ஓய்ந்த எருதையும் விற்க இயலாமல் விவசாயியே நட்டப்படுகிறார். நம் நாட்டிலிருந்து பசு, எருது, கன்று இறைச்சியை ஏற்றுமதி செய்யத் தடை உள்ளது. அனுமதிக்கப்படுவது எருமை இறைச்சியே. அதன் ஏற்றுமதி ஈட்டித்தரும் அந்நியச் செலாவணியை ஏற்கும் ஒன்றிய அரசு, எருமையை ஏற்றிச் செல்லும் தொழிலாளியைக் கைவிடுகிறது.

எனவே, சான்றிதழ் என்பது தொழிலாளியை வடிகட்டும் சல்லடையாகாமல் அவருக்குரிய உரிமையாக அமைய வேண்டும். கால்நடைத் துறையும் கால்நடை மருத்துவக் கல்லூரிகளும் தாய்மொழியில் இலவசப் பயிற்சி அளிக்க வேண்டும். பயிற்சி நாட்களுக்குக் கூலி தர வேண்டும். எழுதப் படிக்கத் தெரியாதோரின் அனுபவத்தைச் செயல்முறைத் தேர்வின் வழியே ஏற்க வேண்டும். சான்று பெற்றோருக்கு விபத்துக் காப்பீடு வேண்டும். ஆவணங்களைச் சோதிக்கும் அதிகாரம் அரசு அலுவலர்க்கன்றி வேறெவர்க்கும் இல்லை என்பது களத்தில் உறுதிசெய்யப்பட வேண்டும்.

போக்குவரத்துத் தொழிலாளர் சங்கங்களும் விவசாயிகள் சங்கமும் இக்கோரிக்கைகளை ஒன்றிணைந்து எழுப்ப வேண்டும். சாலையில் தொழிலாளி அச்சமின்றிச் செல்லும் நாளில்தான் அவர் ஏற்றிச் செல்லும் மாட்டுக்கும் துன்பமில்லாப் பயணம் வாய்க்கும்.