அடிமரமும் குறிப்பேடும்

மேல்நிலைப் பள்ளி மாணவர் ஒருவர் பதினோராம் வகுப்பிலும் பன்னிரண்டாம் வகுப்பிலும் கழிக்கும் இரண்டு ஆண்டுகளில், பாடநூலும் பள்ளி மணியும் தேர்வு அட்டவணையும் குறுக்கிடாத ஏழு நாட்கள் தொடர்ந்து கிடைப்பது பெரும்பாலும் நாட்டு நலப்பணித் திட்டத்தின் சிறப்பு முகாமில்தான். காலாண்டுத் தேர்வு விடுமுறையில், பள்ளி தத்தெடுத்த கிராமத்தின் தொடக்கப் பள்ளியிலோ சமுதாயக் கூடத்திலோ தங்கி, காலையில் உடலுழைப்பு, பிற்பகலில் கருத்துரை, இரவில் கலைநிகழ்ச்சி என்று நடக்கும் அம்முகாம் முடிந்தபின் எஞ்சும் ஆவணங்கள் யாவை என்று பார்த்தால், தொடக்க விழா, நிறைவு விழாப் படங்களும், சிறப்பு விருந்தினர் பட்டியலும், நட்ட மரக்கன்றுகளின் எண்ணிக்கையும், செலவுச் சீட்டுகளுமே கோப்பில் இருக்கின்றன. முகாமுக்கு வந்த மாணவர் எதைக் கண்டார், எதில் தடுமாறினார், எதை நம்ப மறுத்தார் என்பதைச் சொல்லும் தாள் ஒன்றும் அக்கோப்பில் இருப்பதில்லை. திட்ட அலுவலர்களாகவும் சாரண ஆசிரியர்களாகவும் உடற்கல்வி ஆசிரியர்களாகவும் பணியாற்றும் வாசகர்களின் முன் இவ்விதழ் வைக்க விரும்பும் குறை இதுவே.

மாணவரைத் தொண்டில் ஈடுபடுத்துவது கட்டாயமாக இருக்க வேண்டுமா, அவர் விருப்பத்துக்கு விடப்பட வேண்டுமா என்ற கேள்வி இந்தத் திட்டத்தினும் மூத்தது. 1959ஆம் ஆண்டில் சி. து. தேஷ்முக் தலைமையிலான குழு, உயர்நிலைப் பள்ளியை முடித்துக் கல்லூரிக்குள் நுழைய விரும்புவோர் அனைவரும் ஒன்பது மாதம் முதல் ஓராண்டு வரை நாட்டுப் பணி ஆற்றுவதைக் கட்டாயமாக்கலாம் என்று பரிந்துரைத்தது. செலவும் நடைமுறைச் சிக்கலும் கருதி அது கைவிடப்பட்டபின், பல நாடுகளின் அனுபவத்தை ஆராய்ந்த கல்வியாளர் கே. ஜி. சையிதைன் விருப்பத்தின் அடிப்படையிலான பணியையே வலியுறுத்தினார். எல்லா நிலைகளிலும் மாணவர்க்குச் சமூகப் பணியோடு தொடர்பு வேண்டும் என்று 1964–66 கோத்தாரி கல்விக் குழுவும் கூறிற்று. காந்தியடிகளின் நூற்றாண்டு விழா ஆண்டான 1969இல், செப்டம்பர் 24ஆம் நாள், 37 பல்கலைக்கழகங்களில் 40,000 மாணவர்களோடு நாட்டு நலப்பணித் திட்டம் தொடங்கப்பட்டதும், பின்னர் அது மேல்நிலைப் பள்ளிகளுக்கும் விரிந்ததும் இந்த நீண்ட விவாதத்தின் விளைவுகள். இன்று ஒரு தொண்டர் ஆண்டுக்கு 120 மணி நேரம், இரண்டு ஆண்டுகளில் 240 மணி நேரம் பணியாற்றுகிறார். பள்ளியின் நலப்பணித் திட்ட அலகில் உள்ளோரில் பாதிப்பேர் சிறப்பு முகாமுக்குச் செல்கின்றனர்.

இத்திட்டத்தின் மாணவரைத் தமிழில் 'தன்னார்வத் தொண்டர்' என்று அழைக்கிறோம். தொண்டு என்ற சொல்லுக்கு அடிமைத்தனம் என்ற பழம்பொருளும் உண்டு. அடியாராகத் தம்மை ஒப்படைத்தவர்களைத் தொண்டர் என்று அழைத்த மரபிலிருந்தே பெரியபுராணத்துக்குத் திருத்தொண்டர் புராணம் என்ற பெயரும் வந்தது. ஆக, ஒரே பெயரின் முற்பாதி தன் விருப்பத்தையும் பிற்பாதி தன்னை ஒப்புக்கொடுப்பதையும் குறிக்கின்றன. வகுப்பாசிரியர் பெயர்களைக் கொடுத்து, சான்றிதழ் உண்டு என்று சொல்லி அனுப்பும் முகாமில் இரண்டாம் பாதி மட்டும் எஞ்சிவிடுகிறது என்பதைத் திட்ட அலுவலர்கள் தமக்குள் ஒப்புக்கொள்வதுண்டு.

முகாம், வெளிப்புறச் சவால், தொண்டு ஆகிய மூன்றையும் ஒரே கல்வியாக இணைத்தவர்களுள் முதன்மையானவர் ஜெர்மானியக் கல்வியாளர் கர்ட் ஹான். நாட்சிகளின் ஆட்சியில் ஜெர்மனியை விட்டு வெளியேறி, 1934இல் ஸ்காட்லாந்தில் கோர்டன்ஸ்டன் பள்ளியை நிறுவிய அவர், மாணவர்களைக் கடற்கரைக் காவல் பணியில் ஈடுபடுத்தினார். போர்க்காலத்தில் கப்பல் மூழ்கியபின் படகில் தப்பும் இளம் மாலுமிகள், மூத்தவர்களைப் போலத் தாக்குப்பிடிக்காமல் மடிகிறார்கள் என்ற கப்பல் நிறுவனத் தலைவர் லாரன்ஸ் ஹோல்ட்டின் கவலையிலிருந்து, 1941இல் வேல்ஸின் அபர்டவியில் 'அவுட்வர்ட் பவுண்ட்' என்ற முதல் பயிற்சிப் பள்ளி பிறந்தது. ஹானின் கருத்தை ஒட்டி 1956இல் பிரிட்டனில் தொடங்கிய எடின்பரோ கோமகன் விருதுத் திட்டத்தை, 1953இன் எவரெஸ்ட் குழுவுக்குத் தலைமையேற்ற ஜான் ஹன்ட் முதலில் நடத்தினார். வெண்கலம், வெள்ளி, தங்கம் என்ற மூன்று நிலைகளிலும் நடைப்பயண முகாமும் தொண்டும் பிரிக்க முடியாத பகுதிகளாக வைக்கப்பட்டன. உடலைச் சோதிக்கும் இடர்ப்பாடு இன்னொருவரைக் காப்பதற்கான ஆயத்தமாக இருக்க வேண்டும் என்பதே அந்த இணைப்பின் உட்பொருள். நம் பள்ளிகளிலோ இவை தனித்தனி வாயில்கள் வழியே நுழைந்தன. கூடாரமும் முடிச்சும் சாரணர்க்கு, அணிவகுப்பு தேசிய மாணவர் படைக்கு, மண்வெட்டி நலப்பணித் திட்டத்துக்கு என்று பிரிந்துபோனதால், ஒன்றின் அனுபவம் மற்றொன்றுக்குக் கைகொடுப்பதில்லை.

மண்வெட்டியிலிருந்தே தொடங்கலாம். தென்மாவட்ட முகாம்களில் மிகுதியாக நடக்கும் வேலை சீமைக்கருவேல மரங்களை அகற்றுவது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் வெளிநாட்டிலிருந்து இந்நாட்டுக்குக் கொண்டுவரப்பட்ட இம்மரம், நீர்நிலைகளையும் தரிசு நிலங்களையும் ஆக்கிரமித்து நிற்பதும், 2017இல் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரை அமர்வு அதை அகற்ற உத்தரவிட்டபின் அதைச் சுற்றி எழுந்த வழக்குகளும் வாசகர்கள் அறிந்தவை. மாணவர்கள் அரிவாளால் மரத்தைத் தரைக்கு மேல் வெட்டிச் சாய்க்கின்றனர். முள் குத்திய கையோடு படம் எடுத்துக்கொள்கின்றனர். கண்மாய்க் கரை வெளிச்சமாகத் தெரிகிறது. தரைமட்டத்துக்குக் கீழே, வேர்கள் கிளைக்கும் கழுத்துப் பகுதியோடு தோண்டி எடுக்காத அடிமரம் மழைக்குப் பின் மீண்டும் துளிர்க்கிறது, அதுவும் ஒரு தண்டுக்குப் பதில் பல தண்டுகளாக. அடுத்த ஆண்டு வரும் முகாமுக்கு வேலை குறைவதற்குப் பதில் கூடுகிறது. கடப்பாரையும் நேரமும் இல்லாமல் தொடங்கிய பணி இது என்று எந்த அறிக்கையும் குறிப்பிடுவதில்லை.

இதே கண்மாயில் ஒரு மாணவர் கற்கக்கூடியவை இதனினும் பல. காய்களைத் தின்னும் ஆடுகள் விதைகளைப் புழுக்கையோடு ஊரெங்கும் பரப்புவதை அவர் மேய்ச்சல் தடத்தில் கண்ணாலேயே பார்க்க முடியும். அம்மரத்தை வெட்டிக் கரிமூட்டம் போட்டு விற்பதே இராமநாதபுரம், சிவகங்கை, விருதுநகர் மாவட்டங்களில் பல குடும்பங்களுக்கு வறட்சிக் காலப் பிழைப்பு என்பதை, முகாம் தங்கியிருக்கும் தெருவிலேயே கேட்டு அறிய முடியும். ஊருக்குக் கேடு என்று பிற்பகல் கருத்துரையில் கேட்ட மரம், மாலையில் தேநீர் கொடுத்த வீட்டின் சோறாக இருக்கிறது என்ற முரணோடு ஒரு பதினாறு வயது மாணவர் அன்றிரவு படுத்தால், அந்த முகாம் பெரும் பணியைச் செய்துவிட்டது. அவர் அதை யாரிடம் சொல்வது, எங்கே எழுதுவது என்பதற்கு முகாம் கால அட்டவணையில் இடமில்லை என்பதுதான் சிக்கல்.

எல்லா அனுபவமும் கல்வியாகிவிடாது, சில அனுபவங்கள் மேற்கொண்டு கற்கும் ஆற்றலையே மழுங்கடிக்கும் என்று கல்விச் சிந்தனையாளர் ஜான் டூயி 1938லேயே விளக்கினார். அவர் வழியில் டேவிட் கோல்ப் 1984இல் முன்வைத்த 'அனுபவவழிக் கற்றல் சுழற்சி' என்பது, ஒன்றைச் செய்வது, செய்ததை எண்ணிப் பார்ப்பது, அதிலிருந்து பொதுக் கருத்தை வகுப்பது, அக்கருத்தைப் புதிய இடத்தில் சோதிப்பது என்ற நான்கு கட்டங்களைக் கொண்டது. நம் முகாம்கள் முதல் கட்டத்தில் தொடங்கி அங்கேயே முடிகின்றன. மலையேற்றக் கல்வியாளர்களிடையே ஒரு பழைய பிணக்கு உண்டு: மலை தானே பேசும், ஆசிரியர் இடையில் பேசத் தேவையில்லை என்பது ஒரு தரப்பு, பேசியதை மாணவர் கேட்டாரா என்று அறிய ஓர் உரையாடல் வேண்டும் என்பது மறுதரப்பு. கண்மாய்க் கரையைப் பொறுத்தவரை இவ்விதழ் இரண்டாம் தரப்பையே சேர்கிறது.

சவால் முகாம்களின் பயனை அளக்கும் முயற்சிகளில் 1997இல் ஜான் ஹாட்டியும் மூவரும் வெளியிட்ட தொகுப்பாய்வு அடிக்கடி எடுத்துக்காட்டப்படுகிறது. தொகுப்பாய்வு என்பது பல தனி ஆய்வுகளின் முடிவுகளைப் பொது அளவுகோலுக்குக் கொண்டுவந்து ஒன்றுசேர்ப்பது. இதில் 96 ஆய்வுகள் சேர்க்கப்பட்டன. முகாம் முடிந்தவுடன் காணப்பட்ட சராசரி விளைவு 0.34. முன்னும் பின்னும் எடுத்த மதிப்பெண்களின் வேறுபாட்டை அம்மதிப்பெண்களின் இயல்பான பரவலால் வகுத்துப் பெறும் எண் இது, மிதமான பயன் என்று கொள்ளத்தக்கது. பின்தொடர்ந்து அளந்தபோது அது தேயாமல் மேலும் 0.17 கூடியது, பள்ளித் திட்டங்களில் இது அரிது. எனினும் இவ்வளவீடுகளில் பெரும்பகுதி மாணவர்கள் தம்மைப் பற்றித் தாமே சொன்னவை என்பதை மறக்கலாகாது. ஆஸ்திரேலிய ஆய்வாளர் ஆண்ட்ரூ புரூக்ஸ் எழுப்பிய ஐயம் இன்னும் கூர்மையானது: முகாமில் தோன்றும் துணிவும் உதவும் மனமும் அந்தச் சூழலுக்கு உரியவை, ஆளோடு வீடு வரை வரும் குணங்கள் என்று அவற்றைக் கொள்வது பிழை என்றார். முகாமில் அண்டாவைத் தேய்த்துக் கழுவும் மாணவன் வீட்டில் தான் உண்ட தட்டையும் அம்மாவிடம் நீட்டுவதை அறிந்த தமிழாசிரியர்க்கு இதை விளக்கத் தேவையில்லை. மாணவர்கள் மண் சுமக்க மாணவியர் காய் நறுக்கும் முகாமாயின், அவன் எதைக் கற்றுத் திரும்பினான் என்ற கேள்வியும் எழுகிறது.

மாணவியரைப் பொறுத்தவரை சவால் என்ற சொல்லின் பொருளே வேறு. பெற்றோரைச் சம்மதிக்கவைத்து, ஆறு இரவுகள் வீட்டுக்கு வெளியே உறங்குவது அவர்களுள் பலர்க்குக் கயிறேறுவதைவிடக் கடினமான முதல் அனுபவம். கதவு தாழிடும் கழிப்பறையும் உடன் தங்கும் ஆசிரியையும் அந்தச் சம்மதத்தின் குறைந்தபட்ச விலை. இவை இல்லாத ஊரைத் தத்தெடுத்துவிட்டு, மாணவியர் வர விரும்புவதில்லை என்று எழுதுவது முறையன்று.

பாதுகாப்பைப் பற்றியும் ஒரு சொல். 1993இல் இங்கிலாந்தின் லைம் விரிகுடாவில் சிறுபடகுப் பயிற்சியின்போது நான்கு பதின்வயதினர் இறந்தபின், 1995இல் அந்நாடு செயற்பாட்டு மையங்களுக்கு உரிமம் கோரும் சட்டத்தை இயற்றியது. 2008இல் நியூசிலாந்தின் மங்கடேபோபோ ஓடையில் திடீர் வெள்ளம் ஆறு மாணவர்களையும் ஓர் ஆசிரியரையும் கொண்டுபோனது. 2018 மார்ச் 11இல் தேனி மாவட்டக் குரங்கணியில் காட்டுத்தீ மலையேற்றக் குழுவில் இருபதுக்கும் மேற்பட்டோரைப் பலிகொண்டபின், இங்கும் மலையேற்றத்துக்கு விதிகள் வந்தன. ஆனால் நலப்பணி முகாமில் இடர் ஒளிந்திருப்பது மலையில் அன்று, குளிக்கும் நேரத்தில். வெயிலில் உழைத்த ஐம்பது பேர் கிணற்றையோ கண்மாயையோ ஆற்றுமடுவையோ தேடி இறங்கும் அந்த அரைமணிக்கு, நீந்தத் தெரிந்த ஒருவரைக் கரையில் நிறுத்தாத முகாம் வேறெதைத் திட்டமிட்டும் பயனில்லை. இறங்க மறுக்கும் மாணவரைக் கேலிக்கு விடாமல், மறுப்பதும் ஒரு முடிவு என்று ஏற்பது அமெரிக்காவின் 'பிராஜெக்ட் அட்வெஞ்சர்' பயிற்சியாளர்கள் வகுத்த நெறி. சவாலை ஏற்பதா, எவ்வளவு ஏற்பது என்பதை மாணவரே முடிவு செய்யட்டும் என்பது அதன் பொருள்.

இனி நடைமுறைக்கு வருவோம். தொண்டர் ஒவ்வொருவரும் பணிக் குறிப்பேடு வைத்திருக்க வேண்டும் என்பது திட்டத்தில் ஏற்கெனவே உள்ள விதிதான். அது பணி நேரத்தைக் கூட்டிக் காட்டும் கணக்கேடாகச் சுருங்கிவிட்டது. முகாம் நாட்களில் இரவுக் கலைநிகழ்ச்சிக்கு முன் முக்கால் மணி நேரத்தை ஒதுக்கி, அன்று எதிர்பாராதது எது, ஊரார் சொன்னதில் தன் எண்ணத்தோடு மோதியது எது, நாளை வேறு விதமாகச் செய்யக்கூடியது எது என்ற மூன்றையும் மாணவரே எழுதச் செய்யலாம். எழுத்துப்பிழை திருத்துவதையும் மதிப்பெண் இடுவதையும் திட்ட அலுவலர் கைவிட வேண்டும். ஏனெனில் திருத்தப்படும் என்று தெரிந்த கணமே மாணவர் 'இயற்கையைப் பேணுவோம்' என்ற பாடநூல் வாக்கியத்துக்குள் ஒளிந்துகொள்வார். இரண்டு இரவுகளிலாவது கரிமூட்டம் போடுபவரையோ ஆடு மேய்ப்பவரையோ அழைத்து, மாணவர் செய்த வேலையைப் பற்றி அவர் கருத்தைக் கேட்கலாம். சிறப்பு விருந்தினர் நாற்காலி அவருக்கும் பொருந்தும்.

செப்டம்பர் இறுதியில் முகாம் முடிந்தால், ஐப்பசி மழை பெய்து ஓயும்போது ஏறத்தாழ எட்டு வாரம் ஆகியிருக்கும். அந்தக் கார்த்திகையில் ஒரு சனிக்கிழமை அதே மாணவர்களைக் குறிப்பேட்டோடு அதே கண்மாய்க்கு அழைத்துச் செல்வதற்குப் பேருந்துக் கட்டணத்துக்கு மேல் செலவில்லை. வெட்டிய அடிமரங்களில் எத்தனை துளிர்த்திருக்கின்றன, ஒவ்வொன்றிலும் எத்தனை தண்டுகள் என்று எண்ணி, முகாமின் ஏழாம் நாள் எழுதிய பக்கத்துக்கு எதிர்ப்பக்கத்தில் அவர்கள் குறித்துக்கொள்ளட்டும். அத்தகைய பக்கங்களைத் திருத்தாமல், எழுதியவர் பெயர் சுட்டாமல் வெளியிட அடுத்த இதழில் இடம் ஒதுக்கப்பட்டுள்ளது.