இலையை ஒட்டினா இயற்கை ஆயிடுமா?

இப்பல்லாம் எங்க திரும்பினாலும் இந்த ஜல்லிதான் மக்கா. பீங்கான்ல ஒரு ஸ்டூல், மேல ரெண்டு தாமரை இலை, ஓரத்துல ஒரு தட்டான். பக்கத்துல அட்டை: "இயற்கையின் உந்துதலில் உருவானது". விலையைப் பார்த்தா தலை சுத்தும். உட்காரலாமான்னு கேட்டா, "சார், இது ஆர்ட் பீஸ்". உட்கார முடியாததுக்கு எதுக்கய்யா ஸ்டூல்னு பேரு?

அழகுக்கு வாங்குறவங்க வாங்கட்டும். இயற்கையை சாட்சிக்கு இழுக்குறதுலதான் எனக்கு சண்டை.

பார்சிலோனால பார்க் குயெல்னு ஒரு பூங்கா. 1900லேர்ந்து 1914 வரைக்கும் அந்தோனி கவுதி கட்டினது. (வீட்டுமனை போட்டு விக்கத்தான் ஆரம்பிச்சாங்க, ரியல் எஸ்டேட்டா படுதோல்வி!) அங்க பெரிய மாடி மைதானம் ஒண்ணு, அதைச் சுத்தி பாம்பா நெளியுற பெஞ்சு. மேல முழுக்க உடைஞ்ச டைல்ஸ் சில்லு. முழு டைல்ஸ் வளைவுல படியாது, உடைச்சாத்தான் படியும். போட்டோ பார்க்குறவங்க கலர்ல மயங்கி அதோட நின்னுடறாங்க.

நான் சொல்ல வர்றது கலருக்கு அடியில நடக்குற வேலை. மைதானத்துல தளம் போடலை, மண்ணுதான். மழைத்தண்ணி அதுல இறங்கி, வடிகட்டி, கீழ தாங்கி நிக்கிற தூண்களுக்குள்ள ஓடி, 1,200 கன மீட்டர் தொட்டிக்குப் போற மாதிரி அமைச்சாங்க. அதாவது 12 லட்சம் லிட்டர். தொட்டி நிரம்பி வழிஞ்சா படிக்கட்டுல இருக்குற சில்லு பதிச்ச பல்லி வாய் வழியா வெளிய வரும். (டிராகன்னும் சொல்றாங்க, அது தனிச் சண்டை.) பெஞ்சோட சாய்வு முதுகுக்குத் தோதா வளைஞ்சிருக்கும். நெளிவுகளுக்குள்ள நாலு பேர் முகம் பார்த்துப் பேசலாம். அங்க ஒரு இலையும் ஒட்ட வேண்டிய அவசியமே இல்லை.

சில்லு வேலையில பெரும்பங்கு ஜுசேப் மரியா ஜுஜோலோடது. போட்டோவுக்குக் கீழ கவுதி பேரை மட்டும் போடுற அன்பர்களையும் போற போக்குல திட்டிக்கிறேன்.

"தனியாளா களிமண்ணோட மல்லுக்கட்டுறவன்கிட்ட தொட்டி கட்டச் சொல்றியா?"ன்னு அடிக்க வருவீங்க. தொட்டி வேணாம் சாமி. அந்தக் களிமண்ணையாவது பாருங்க. காயும்போது சுருங்கும், சூளையில இன்னும் சுருங்கும். ஒரு பக்கம் தடிமன், ஒரு பக்கம் மெலிசுன்னா விரிசல் விடும். அதனால பெரிய உருப்படி எதுவும் உள்ளுக்குள்ள கூடாத்தான் இருக்கணும், சுவர் ஒரே சீரா இருக்கணும். நத்தை ஓடு, சுரைக்குடுக்கை, கரையான் புத்து எல்லாமே உள்ள கூடுதானே? மண்ணே ஒரு வழி காட்டுது. அந்த வழியில போனா நாற்காலி தானா ஒரு உருவத்துக்கு வரும். அதை விட்டுட்டு தச்சர் செய்யுற நாலு காலை மண்ணுல காப்பியடிச்சு, மேல தட்டானை உட்கார வெச்சா எப்படி?

இல்லை, இலையே போதும்னு வாதாட வர்றவங்க தாராளமா வாங்க. அந்த ஸ்டூல்ல ஒரு அரைமணி நேரம் உட்கார்ந்துட்டு வாங்க.