வயிற்றைக் காயப் போடாதீர்கள்!

"மூணு நாளா வயித்தாலே போகுது, டாக்டரம்மா. வெறும் பார்லித் தண்ணிதான் கொடுக்கறேன். வயித்தைக் காயப் போடச் சொன்னாங்க அத்தை."

பத்து மாதக் குழந்தை. கண்கள் குழி விழுந்திருந்தன. எனக்குப் பகீரென்றது. உடனே ஓ.ஆர்.எஸ். புகட்டினோம், மாலைக்குள் தெளிந்தது.

சகோதரிகளே, கடும்பேதிக்கு ரோட்டா வைரஸ் போன்ற கிருமிகளே பெரும்பாலும் காரணம். பட்டினியால் கிருமி சாகாது, பிள்ளைதான் இளைக்கும். இளைத்த உடம்பை அடுத்த பேதி இன்னும் கடுமையாகத் தாக்கும்.

தாய்ப்பாலை நிறுத்தாதீர்கள். ஆறு மாதம் தாண்டிய குழந்தைக்குக் குழைந்த பருப்புச் சாதம் ஊட்டுங்கள். டாக்டர் தரும் துத்தநாக மாத்திரையைப் பேதி நின்றாலும் 14 நாள் கொடுங்கள். குணமானபின் இரண்டு வாரம் தினமும் ஒரு வேளை கூடுதலாக ஊட்டுங்கள்.

ரத்தம் கலந்து போனாலோ, குடிக்காமல் துவண்டாலோ தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்!